யூட்டிகா: அகதிகள் குடியேறிய ஒரு அமெரிக்க நகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அகதிகள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நண்பர்களும் உறவினர்களும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன. யார் இவர்கள், யார் செலவு செய்கிறார்கள், ஊர்க்காரர்கள் எப்படிச் சம்மதிக்கிறார்கள்? பொதுவாகப் பதில் சொன்னால் எதுவும் மனதில் நிற்பதில்லை. அதனால் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

யூட்டிகா எங்கே இருக்கிறது? ஏன் இந்த ஊர்?

நியூயார்க் நகரத்திலிருந்து காரில் நான்கு மணி நேரம் வடக்கே, மொஹாக் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஈரி கால்வாய் இந்த வழியாகப் போனதால் வளர்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டில் நெசவாலைகள் வந்தன. அவற்றை நம்பி வேல்ஸ்காரர்கள், ஐரிஷ்காரர்கள், ஜெர்மானியர்கள், இத்தாலியர்கள், லெபனான்காரர்கள் என்று அலை அலையாக வந்து குடியேறினார்கள். 1960இல் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அப்புறம் சரிவு. நெசவாலைகள் தெற்கு மாநிலங்களுக்குப் போய்விட்டன. ஜெனரல் எலக்ட்ரிக் தொழிற்சாலைகள் 1990களில் கைமாறி மூடப்பட்டன. பக்கத்து ஊரான ரோமில் இருந்த கிரிஃபிஸ் விமானப்படைத் தளம் 1995இல் மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 60,651 பேர். "கடைசியாக ஊரைவிட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்" என்று ஊர்க்காரர்களே காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. விற்க முடியாத வீடுகளை இன்சூரன்ஸ் பணத்துக்காகக் கொளுத்திய சம்பவங்கள்கூட நடந்தன.

2020 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 65,283. பார்க்கச் சின்ன உயர்வுதான். ஆனால் 40 ஆண்டுகள் தொடர்ந்து தேய்ந்த ஊர் திரும்ப வளர்ந்தது பெரிய விஷயம். அதற்கு முக்கியக் காரணம் அகதிகள். இன்று ஊரில் நாலில் ஒருவர் அகதியாக வந்தவர் அல்லது அப்படி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

யார் யார் வந்தார்கள்?

மொஹாக் பள்ளத்தாக்கு அகதிகள் வள மையம் என்ற அமைப்பு 1981இல் இங்கே தொடங்கப்பட்டது. இப்போது 'தி சென்டர்' என்று அழைக்கிறார்கள். முதலில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாட்டவர்கள் வந்தார்கள். அடுத்து சோவியத் யூனியனிலிருந்து பெந்தெகோஸ்தே கிறிஸ்தவர்கள். 1993 முதல் போஸ்னியர்கள்; போருக்குத் தப்பி வந்த இவர்கள் மட்டும் 4,000க்கும் மேல். அவர்களுக்குப் பின்னால் பர்மாவின் கரென் மக்கள், சோமாலி பாண்டுக்கள், சூடான், ஈராக், காங்கோ நாட்டவர்கள். கடைசியாக ஆப்கானியர்களும் உக்ரைனியர்களும்.

இதில் சோமாலி பாண்டுக்களின் கதை வெளியில் அதிகம் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் மொசாம்பிக், தான்சானியா, மலாவிப் பகுதிகளிலிருந்து அடிமைகளாகச் சோமாலியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். சோமாலியாவில் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்கள். 1991இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அவர்களைக் காப்பாற்ற எந்தக் குலப்படையும் இல்லை. கென்யாவின் தடாப், கக்குமா முகாம்களில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கிடந்தார்கள். அவர்களில் சுமார் 12,000 பேரை ஏற்றுக்கொள்ள அமெரிக்கா 1999இல் முடிவு செய்தது. அவர்கள் அமெரிக்கா வந்து சேரத் தொடங்கியது 2003 வாக்கில்தான். பனி விழுகிற ஊரில், எழுதப் படிக்கத் தெரியாமல், வாடகை, மின்கட்டணம், பள்ளி அனுமதி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். போஸ்னியர்கள் வேகமாக முன்னேறியதைச் சொல்லி இவர்களை மட்டம் தட்டுவது நியாயமே இல்லை. போஸ்னியர்கள் ஐரோப்பிய நகரங்களில் பள்ளி படித்து, கைத்தொழில் கற்று வந்தவர்கள். தொடங்கிய இடம் வேறு.

அகதிகள் தாங்களாகவே ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. மீள்குடியேற்றத்துக்கு ஏற்கப்பட்ட ஒருவர் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் பதிவு செய்து, அமெரிக்க அதிகாரிகளின் நேர்காணல், கைரேகைச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்த பிறகே விமானம் ஏறுகிறார். இதற்கு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எல்லையில் வந்து தஞ்சம் கேட்பவர்களின் வழி வேறு, சட்டமும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி வாட்ஸ்அப் வாதங்கள் நடக்கின்றன.

எந்த ஊருக்கு யாரை அனுப்புவது என்பதைத் தேசிய அளவிலான தொண்டு நிறுவனங்களும் அரசும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஏற்கெனவே உறவினர் இருக்கும் ஊருக்கு முன்னுரிமை. அதனால்தான் ஒரு சமூகத்தின் முதல் பத்துக் குடும்பங்கள் வந்துவிட்டால் அடுத்த நூறு குடும்பங்களும் அங்கேயே வந்து சேர்கின்றன.

வந்து இறங்கும் நாளில் என்ன நடக்கும்?

விமான நிலையத்துக்கு ஆள் வருவார். வாடகைக்கு ஒரு வீடு தயாராக இருக்கும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அரசு ஒரு பட்டியலே வைத்திருந்தது: ஆளுக்கு ஒரு கட்டில் (தம்பதிகளுக்குப் பெரியதாக ஒன்று), ஆளுக்கு ஒரு நாற்காலி, ஒரு தட்டு, சமையல் பாத்திரங்கள், டின் திறக்கும் கருவி, விளக்கு, அலாரம் கடிகாரம், காகிதமும் பேனாவும். வந்த அன்று சாப்பிட, அவர்கள் ஊர்ப் பழக்கத்துக்கு ஏற்ற உணவு சமைத்துத் தயாராக இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று. பட்டியலில் இதைச் சேர்த்தவர் யாரோ, பசித்து வருகிறவரைப் பற்றி உண்மையிலேயே யோசித்திருக்கிறார்.

மற்றபடி இந்த ஏற்பாட்டில் தாராளம் கிடையாது. முதல் கட்ட உதவி 90 நாட்களுக்கு. அதற்குள் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து, சமூகப் பாதுகாப்பு எண் வாங்கி, வேலை தேடத் தொடங்கிவிட வேண்டும். வந்த விமான டிக்கெட்டுகூட இலவசம் இல்லை. அது வட்டியில்லாக் கடன். குடும்பம் பெரிதாக இருந்தால் பல ஆயிரம் டாலர் வரும்; வந்து ஆறு மாதத்தில் தவணை கட்டத் தொடங்க வேண்டும். அகதிகளுக்கு எல்லாம் சும்மா கொடுக்கிறார்கள் என்று சொல்கிறவர்களிடம் இந்த டிக்கெட் விஷயத்தைச் சொன்னால் போதும்.

என்ன வேலை செய்கிறார்கள்?

தொழிற்சாலை, ஹோட்டல், மருத்துவமனைத் துப்புரவு, உணவு பதப்படுத்தும் இடங்கள். ஒனைடா பழங்குடியினர் நடத்தும் டர்னிங் ஸ்டோன் சூதாட்ட விடுதியில் பலர் வேலை செய்கிறார்கள். ஆங்கிலம் வந்த பிறகு மொழிபெயர்ப்பாளர், செவிலியர் உதவியாளர், சொந்தக் கடை என்று நகர்கிறார்கள்.

சொபானி தயிர் நிறுவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிராஃப்ட் என்ற உணவு நிறுவனம் மூடிவிட்டுப் போன ஒரு ஆலையை 2005இல் ஹம்தி உலுகாயா என்ற குர்து இனத்துத் துருக்கியர் வாங்கினார். நியூ பெர்லின் என்ற அந்தக் கிராமத்துப் பக்கம் ஆள் போதவில்லை. யூட்டிகாவில் வேலையில்லாமல் அகதிகள் இருப்பதைக் கேள்விப்பட்டு, அவர்களை அழைத்துவரப் பேருந்தும், பேச மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடு செய்தார். வண்டியும் மொழியும் இல்லாததுதான் தடை, உழைக்கும் விருப்பம் ஏற்கெனவே இருந்தது என்பது அதில் தெரிந்தது. 2025 ஏப்ரலில் அதே நிறுவனம் 120 கோடி டாலர் செலவில் புதிய ஆலை ஒன்றை ரோம் நகரில் கட்டப்போவதாக அறிவித்தது. இடம் எது தெரியுமா? 1995இல் மூடப்பட்ட கிரிஃபிஸ் விமானத்தளம் இருந்த நிலம்.

படித்தவர்களின் நிலைமைதான் வேதனை. சொந்த நாட்டில் மருத்துவராகவோ பொறியாளராகவோ இருந்தவர் இங்கே பெட்டி அடுக்குகிறார். பட்டத்தை ஏற்க வைக்கவும் உரிமத் தேர்வு எழுதவும் ஆண்டுக்கணக்கில் ஆகும், பணமும் ஆகும். குழந்தைகளுக்கு வாடகை கட்ட வேண்டிய அப்பா அந்தத் தேர்வை ஒத்திப்போட்டுக்கொண்டே போவார்.

அகதிகளால் ஊருக்கு லாபமா, செலவா?

இரண்டும். முதல் சில ஆண்டுகள் செலவுதான்: பள்ளிகளில் கூடுதல் ஆங்கில ஆசிரியர்கள், மருத்துவ உதவி, மொழிபெயர்ப்பு. பக்கத்திலுள்ள ஹாமில்டன் கல்லூரியின் பொருளியல் பேராசிரியர் ஒருவர் 2000ஆம் ஆண்டில் யூட்டிகா கணக்கையே எடுத்து ஆராய்ந்தார். தொடக்கத்தில் செலவு, பின்னர் அவர்கள் கட்டும் வரியும் உழைப்பும் அதை ஈடுகட்டி மேலே போகின்றன என்பது அவர் கண்டது. நாடு முழுவதற்கும் அமெரிக்க சுகாதாரத் துறை 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2005 முதல் 2019 வரை அகதிகளாலும் தஞ்சம் பெற்றவர்களாலும் அரசுகளுக்குக் கிடைத்த வருவாய், அவர்களுக்கு ஆன செலவைவிட 12,380 கோடி டாலர் அதிகம்.

ஆனால் யூட்டிகாவில் யாரும் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு மனம் மாறவில்லை. வீடுகளைப் பார்த்துத்தான் மாறினார்கள். அங்கே பழைய மர வீடுகள் பெரும்பாலும் இரண்டு குடும்பம் இருக்கும்படி மாடியும் கீழுமாகக் கட்டப்பட்டவை. விலை மிகக் குறைவு, ஏனென்றால் வாங்க ஆளில்லை. போஸ்னியர்கள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோரும் சேர்ந்து காசு போட்டு ஒன்றை வாங்குவார்கள். கீழே குடியிருந்துகொண்டு மேலே சரிசெய்வார்கள். ஒருவர் தச்சர், ஒருவர் கொத்தனார், ஒருவருக்கு மின்வேலை தெரியும். பகலில் ஆலையில் ஷிப்ட், மாலையில் கூரையில் ஆணி. முடிந்ததும் மாடியை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் அடுத்த வீடு. உளுத்துப்போன தெருக்களில் புதிய கூரைகளும் பூந்தொட்டிகளும் வந்தன. வரி வராமல் நகராட்சியின் தலையில் விழுந்திருந்த சொத்துகள் மறுபடியும் வரி கட்டின. வசதி வந்ததும் பல போஸ்னியக் குடும்பங்கள் புறநகருக்குப் போய்விட்டன. முன்பு இத்தாலியர்கள் செய்ததும் அதைத்தான்.

மத விஷயத்தில் சண்டை வரவில்லையா?

நகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே கைவிடப்பட்ட ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயம் இருந்தது. இடிப்பதாக இருந்தார்கள். இடிக்கவும் நகராட்சிக்குப் பெரும் செலவு. 2008இல் போஸ்னிய முஸ்லிம் சங்கம் அதை வாங்கி, பெரும்பாலும் தங்கள் உழைப்பிலேயே பள்ளிவாசலாக மாற்றியது. இன்று நகராட்சிக் கட்டடத்தின் பக்கத்தில் மினாரெட் நிற்கிறது. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் இடிந்துவிழ இருந்த கட்டடம் நிமிர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு எதிர்த்துப் பேசக் காரணம் குறைந்துவிட்டது.

இன்னொரு பக்கம், ஆள் வராமல் சுருங்கிக்கொண்டிருந்த டேபர்நேக்கிள் பாப்டிஸ்ட் தேவாலயம் கரென் மக்களால் மறுபடியும் நிறைந்தது. கரென்களில் கணிசமானவர்கள் பாப்டிஸ்ட்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் அமெரிக்க மிஷனரிகள் பர்மா போனதன் விளைவு. அன்று மிஷனரிகளை அனுப்பிய அமெரிக்க பாப்டிஸ்ட்களின் ஒரு தேவாலயத்தை இன்று அந்த மக்கள் வந்து நிரப்புகிறார்கள்.

ஊர்க்காரர்கள் உண்மையிலேயே சம்மதித்தார்களா?

2005இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பத்திரிகை 'அகதிகளை நேசிக்கும் ஊர்' என்று யூட்டிகாவைப் பற்றி எழுதியது. அது பாதி உண்மை.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் பல தலைமுறையாக இருக்கும் ஏழைகள், குறிப்பாகக் கறுப்பின மக்கள், "எங்களுக்கு இல்லாத வீடும் வேலை உதவியும் நேற்று வந்தவர்களுக்கு எப்படி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அகதிகளுக்கு வரும் பணம் மத்திய அரசின் தனி ஒதுக்கீடு, அவர்களிடமிருந்து எடுத்துக் கொடுத்ததில்லை என்பது சரியான பதில்தான். ஆனால் வயிற்றெரிச்சலுக்கு அது மருந்தாகாது.

பள்ளி விஷயம் நீதிமன்றத்துக்கே போனது. 17 முதல் 20 வயது வரையிலான அகதி மாணவர்களை, ஊரின் ஒரே அரசு உயர்நிலைப் பள்ளியான ப்ராக்டரில் சேர்க்காமல், பட்டயம் தராத ஆங்கில வகுப்புகளுக்குத் திருப்பிவிட்டார்கள். நியூயார்க் சட்டப்படி 21 வயது வரை பள்ளியில் படிக்க உரிமை உண்டு. 2015இல் வழக்கு தொடரப்பட்டது. மாநில அட்டர்னி ஜெனரலும் தனியாக வழக்கு போட்டார். 2016இல் சமரசமாகி, அந்த மாணவர்களுக்குப் பள்ளிக் கதவு திறந்தது. முகாமில் படிப்பை இழந்த பிள்ளைக்கு 18 வயதில் ஒன்பதாம் வகுப்பு கிடைப்பதன் அருமை, படிப்பு நின்றுபோன யாருக்கும் புரியும்.

2024 ஜூன் மாதக் கடைசியில் இன்னும் கொடுமையான ஒன்று நடந்தது. 13 வயதுக் கரென் சிறுவன் ஒருவனைப் போலீஸ் தெருவில் நிறுத்தி விசாரித்தது, அவன் ஓடினான். கையில் வைத்திருந்தது நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் பெல்லட் துப்பாக்கி, அதாவது காற்றுத் துப்பாக்கி. துரத்திப் பிடித்துத் தரையில் தள்ளிய நிலையில் ஒரு போலீஸ்காரர் சுட்டதில் அவன் இறந்தான். நடுநிலைப் பள்ளியை அப்போதுதான் முடித்திருந்தான். பர்மா ராணுவத்திடமிருந்து தப்பி, முகாமில் காத்திருந்து, பாதுகாப்பான நாடு என்று நம்பி வந்த சமூகம் அது. அதன் துக்கம் இன்னும் ஆறவில்லை. யூட்டிகாவை வெற்றிக்கதையாக மட்டும் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வேறு என்ன கஷ்டங்கள்?

மலிவான பழைய வீடுகளில் ஈயம் கலந்த பெயிண்ட். அது உதிர்ந்து தூசியாகிக் குழந்தைகளின் உடலில் சேர்கிறது. வாடகையும் இப்போது பழைய மாதிரி இல்லை, ஏறிவிட்டது.

பனிக்காலத்தில் கார் இல்லாவிட்டால் வீட்டிலேயே முடங்க வேண்டியதுதான். இதில் அதிகம் தவிப்பது வயதானவர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், பாட்டிக்குப் பேச ஆளிருக்காது. குழந்தைகளே வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர்களாகி, அம்மாவின் மருத்துவரிடம் அம்மாவின் நோயை விளக்க வேண்டி வருவதும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை சுமக்கக்கூடாத சுமை அது.

ஊரின் சாப்பாடு மாறியிருக்கிறதா?

நிச்சயமாக. யூட்டிகா என்றால் இத்தாலியர்களின் 'டொமேட்டோ பை' என்ற தக்காளி ரொட்டி, சிக்கன் ரிகீஸ் என்ற கோழிப் பாஸ்தா, காரமாக வதக்கிய கீரை என்றுதான் பெயர். அவை இன்னும் இருக்கின்றன. கூடவே போஸ்னியர்களின் புரெக் வந்துவிட்டது. மாவைக் காகிதம்போல மேசை முழுக்க மெல்லிசாக இழுத்து, கறியும் வெங்காயமும் வைத்து நீளமாகச் சுருட்டி, அதை வட்டமாகச் சுற்றி அடுப்பில் வேகவைப்பார்கள். செவாப்பி என்ற, விரல்போல உருட்டிய சின்னக் கறித் துண்டுகளை ரொட்டியில் வைத்து, பச்சை வெங்காயத்தோடு சாப்பிடுகிறார்கள். கரென் கடைகளில் புளிச்சக்கீரையும் கருவாட்டு விழுதும் கிடைக்கும். நம்மவர்கள் அந்த வாசனையிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். முன்பு இத்தாலியர்களின் தெருவாக இருந்த ப்ளீக்கர் தெருப் பக்கம் இப்போது ஹலால் கடைகள்.

நம் ஊர் இலங்கைத் தமிழர் முகாம்களோடு இதை ஒப்பிடலாமா?

ஒரு விஷயத்தில் ஒப்பிட்டே ஆக வேண்டும். யூட்டிகாவுக்கு வரும் அகதிக்கு முதல் நாளிலிருந்தே வேலை செய்ய உரிமை உண்டு. ஓராண்டு முடிந்ததும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து ஆண்டில் குடியுரிமை கேட்கலாம். 1995இல் வந்த போஸ்னியர் 2000 வாக்கில் ஓட்டுரிமை கேட்டு நிற்க முடிந்தது.

தமிழ்நாட்டில் 1983 முதல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இன்னும் முகாம் பதிவேட்டில் இருக்கிறார்கள். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் வளர்ந்து, பொறியியல் படித்துவிட்டு, பாஸ்போர்ட் இல்லாததால் பெயிண்ட் அடிக்கப் போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். தமிழக அரசு வீடு கட்டித் தருகிறது, உதவித்தொகை தருகிறது, நல்லதுதான். ஆனால் யூட்டிகாவில் அகதிகள் ஊரைத் தூக்கி நிறுத்த முடிந்ததற்குக் காரணம், வீடு வாங்கவும் கடை திறக்கவும் ஓட்டுப் போடவும் சட்டம் விட்டதுதான். அந்தச் சட்டக் கதவு இல்லாமல் எவ்வளவு உழைத்தாலும் முகாமின் வேலி அப்படியேதான் இருக்கும்.

இப்போது நிலைமை என்ன?

கதவு கிட்டத்தட்ட மூடப்பட்டிருக்கிறது. ஓராண்டில் எத்தனை அகதிகளை ஏற்கலாம் என்ற உச்சவரம்பை ஜனாதிபதி முடிவு செய்வார். 2020க்கு 18,000 ஆக இருந்த அது 2022 முதல் 1,25,000 ஆனது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே மொத்தத் திட்டத்தையும் நிறுத்திவைத்தார். 2026 நிதியாண்டுக்கு அறிவித்த வரம்பு 7,500 மட்டும். அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் வெள்ளை இனத்தவரான ஆப்பிரிக்கானர்களுக்கு. எல்லாச் சோதனையும் முடித்து டிக்கெட் வாங்கிய குடும்பங்கள்கூட முகாமிலேயே நின்றுபோயின. நாடெங்கும் மீள்குடியேற்ற நிறுவனங்கள் பணம் வராமல் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின.

யூட்டிகா போன்ற ஊருக்கு இதன் பொருள் நேரடியானது. பிறப்புக் குறைவும் வெளியூர்ப் பெயர்ச்சியும் சேர்ந்து கழித்துக்கொண்டிருந்த மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தது இந்த வரவுதான்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் ஏதாவது உதவ முடியுமா?

முடியும். பணத்தைவிட நேரம் அதிகம் பயன்படும். புதிதாக யாரும் வராவிட்டாலும் ஏற்கெனவே வந்தவர்களுக்குத் தேவை குறையவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது முதல் உதவி. உரிமம் கிடைத்தால் வேலை தேடும் வட்டம் பத்து மைலிலிருந்து ஐம்பது மைலாகும். அடுத்தது குடியுரிமைத் தேர்வுக்குத் தயார் செய்வது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அந்தத் தேர்வு கடினமாகியிருக்கிறது: 128 கேள்விகள் படித்து, கேட்கப்படும் 20இல் 12க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். அரசியல் சாசனம் பற்றி ஆங்கிலத்தில் பதில் சொல்ல, வாரம் ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும். வட்டார நூலகத்திலோ எழுத்தறிவு மையத்திலோ விசாரித்தால் தன்னார்வலர் பதிவு பற்றிச் சொல்வார்கள். பழைய குளிர் கோட்டு, குழந்தைகளுக்கான பனி பூட்ஸ் கொடுப்பதாக இருந்தால் அக்டோபருக்குள் கொடுத்துவிடுங்கள். நவம்பரில் முதல் பனி விழுந்துவிடும்.